கை வைக்கிறவன்தான் சோதிக்க வேண்டும்

அண்ணன் அடிபட்டதற்குக் காரணம் ஒரு சாப்பாட்டுப் பை.

முதல் ஷிப்ட் முடிந்து டவுன்ஷிப்புக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் பெர்மனன்ட் ஆட்கள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். பை இருக்கும் இருக்கையில் காண்ட்ராக்ட் ஆட்கள் உட்கார மாட்டார்கள். எங்கும் எழுதி ஒட்டாத விதி, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அவன் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அனல்மின் நிலையத்தில் ரிலே சோதிக்கும் பிரிவில் அப்ரென்டிஸாக இருந்தேன். அன்று காலையிலிருந்து பேனலுக்கு முன்னால் நின்றபடியே வேலை. பஸ்ஸில் ஒரு இருக்கையில் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. நிறுத்தங்கள் தாண்டியும் ஆள் வரவில்லை. அண்ணன் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸின் மூடி தளர்ந்து, மீதமிருந்த காரக்குழம்பு பஸ் தரையில் ஓடியது.

பைக்குச் சொந்தக்காரன் முன்னால் டிரைவரிடம் பேசிக்கொண்டு நின்றிருந்தான். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த பிளாக்கில் இருப்பவன், சுரங்கத்தில் ஃபிட்டர். வந்து குழம்பைப் பார்த்தான்.

"காண்ட்ராக்ட்டுக்கெல்லாம் சீட்டு கேக்குதா?"

"பை பெர்மனன்ட்டாண்ணே? தெரியாம எடுத்துட்டேன்" என்றான் அண்ணன்.

பஸ் முழுவதும் சிரித்தது. டிரைவரும் சிரித்தார். நான்கூடச் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. குழம்பு படிந்த பையைக் கையில் தொங்கவிட்டபடி, எங்கள் நிறுத்தம் வரும்வரை அண்ணனின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை உண்டு. ஷட்டரை இழுத்து மூடும் இரும்புக் கொக்கிக் கம்பி அதன் சுவரில் சாய்ந்தே இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஃபிட்டர் அதை எடுத்தான். பின்னாலிருந்து ஒரே அடி, காதுக்கு மேலே. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தம். அண்ணன் உடனே விழவில்லை. கலைந்த முடியைச் சரிசெய்கிறவன்போலக் கையைத் தலைக்குக் கொண்டுபோனான். பிறகு கால் மடங்கி, சாலையோர மதகின் சிமென்ட் விளிம்பில் தலை மோதி விழுந்தான்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வந்த காண்ட்ராக்ட் ஆட்கள் அடித்தவனைச் சூழ்ந்துகொண்டார்கள். செருப்பு, சாப்பாட்டுக் கேரியர், கடையின் சோடா பாட்டில் என்று கைக்குக் கிடைத்ததால் அடித்தார்கள். ஒருவன் முழங்காலால் முதுகை அழுத்திப் பிடிக்க, இன்னொருவன் அவன் கையைப் பின்பக்கம் முறுக்கினான். எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், வருத்தமாக இல்லை. அண்ணனின் தலை என் மடியில் இருந்தது. பயிற்சியின்போது முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசையில் பார்த்தேன். காதில் ரத்தம். வாந்தி. இரண்டு கண்மணிகளில் ஒன்று பெரிதாக இருந்தது. மூன்றாவதைப் பார்த்ததும் பட்டியலை நிறுத்திவிட்டேன்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் வைத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மண்டை ஓட்டைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். அதற்கு அப்புறமும் அவன் கண் திறக்கவில்லை. வென்டிலேட்டர் மூச்சு கொடுத்தது. மானிட்டரில் பச்சைக் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், அப்பா, அண்ணி, அண்ணியின் அண்ணன். அம்மாவைக் குவார்ட்டர்ஸிலேயே பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். அப்பா சுரங்கத்தில் பெர்மனன்ட், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. நெஞ்சில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, திரும்ப விரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம். அவருடைய அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவரும் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன்தான், அண்ணனின் குழுவிலேயே மூத்தவர். அண்ணனை அந்த வேலைக்கு அழைத்துப்போனதும், பிறகு தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேற்கொண்டு நடந்ததைச் சொல்ல முடியாது. சப்ளை நிறுத்தியாகிவிட்டது என்று யார் சொன்னாலும், இன்ஜினீயரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், கேபிளில் கை வைக்கிறவன் தானே ஒருமுறை சோதிக்க வேண்டும். முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் டெஸ்ட் லாம்ப்பை வைப்பார்கள். எரிய வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் கேபிளில் வைப்பார்கள். எரியக் கூடாது. திரும்ப மின்சாரம் இருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்ப்பார்கள். மறுபடி எரிய வேண்டும், ஏனென்றால் நடுவில் பல்பு போயிருக்கலாம். மூன்றும் சரியாக இருந்தால்தான் கை. இன்னொருவன் பேச்சை நம்பித் தொட்ட ஒருவர் அந்தக் குழுவில் முன்பு இருந்தார். அவருக்கு இப்போது இரண்டு கையும் மணிக்கட்டோடு சரி.

அப்படிக் காத்திருந்த ஒரு காலையில் மூளை அறுவை மருத்துவர் எங்களை உள்ளே கூப்பிட்டார். அண்ணனுக்கு மண்டையைத் திறந்தவர் அவர்தான். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. வேறொரு அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று வேகமாகப் பேசினார். மூளை முழுவதும் செயலிழந்துவிட்டது, இனி திரும்பாது, இதற்கான முதல் சோதனை காலையில் முடிந்தது, சட்டப்படி இடைவெளி விட்டுப் பிற்பகலில் இரண்டாவது சோதனை, அது முடிந்தால் இறந்துவிட்டதாக அறிவிப்போம், நீங்கள் உறுப்பு தானம் பற்றி யோசிக்கலாம். எல்லாம் ஒரே மூச்சில்.

அவர் கடைசி வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணனின் இடது கால் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்தது.

நானும் பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

"டெஸ்டர் எரியுதுய்யா. எரியறப்பவே அறுக்கறேன்றியா" என்றார் மாமா. குரல் உயரவில்லை. கை உயர்ந்தது. முதல் குத்து மருத்துவரின் மூக்கில். அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்து மாமாவின் விரல் இடுக்கில் ஏறியது. இரண்டாவது குத்து வாயில். அவர் பின்னால் சாய்ந்து மருந்து வண்டியோடு விழுந்தார். மாமா குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி, விழுந்தவரின் தோளில் இரண்டு முறை இறக்கினார். ஒரு நர்ஸ் குறுக்கே பாய்ந்து கட்டிலை உடம்பால் மறைத்துக்கொண்டார், குழாய் எதுவும் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க. பிறகு காவலாளிகள் வந்தார்கள். அவர்களும் சும்மா இழுத்துப்போகவில்லை. வராந்தா முழுக்கத் தடியால் அடித்துக்கொண்டே போனார்கள்.  அண்ணி அந்தக் கால்விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

எனக்கு அப்போது தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. அண்ணன் இருக்கிறானா, இல்லையா. இருந்தால் ஒருவரும் அவன்மேல் கை வைக்கக் கூடாது. இல்லையென்றால் அதை நாங்களே அறிய வேண்டும். யாரோ சொன்னார்கள் என்பதற்காக அவனை விட்டுக்கொடுத்தோம் என்று பின்னால் எங்கள் வாயாலேயே சொல்லும்படி ஆகக் கூடாது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். மயக்கவியல் படித்து, பிறகு இந்தப் பிரிவுக்கு வந்தவர் என்று நர்ஸ்கள் சொன்னார்கள். அவர் முதலில் அடிபட்ட மருத்துவரைப் பார்த்தார். அடுத்து, போலீஸ் வரும்வரை உட்காரவைத்திருந்த அறைக்கு வந்து, மாமாவின் விரலிலிருந்த கண்ணாடித் துண்டுகளை அவரே எடுத்தார். எடுத்துக்கொண்டே, எதற்கு அடித்தீர்கள் என்று கேட்டார். கோபம் இல்லாத கேள்வி. பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல இருந்தது. மாமா கால்விரலைச் சொன்னார். லாம்ப்பைச் சொன்னார். இரண்டு கை போனவரைச் சொன்னார்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விரல் அசைஞ்சது உண்மை. அது முதுகுத்தண்டுலேர்ந்து வர்றது. மூளைக்குத் தெரியாமலே அசையும். நான் சொல்றத நம்பணும்னு இல்ல. பிற்பகல் டெஸ்ட்டுக்கு நீங்க உள்ள வந்து நில்லுங்க."

இது அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை இல்லாதது. மற்ற மருத்துவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை நிறுத்தம் செய்வோம் என்றார்கள், அடித்தவனை ஸ்டேஷனுக்கு அனுப்பு என்றார்கள். கதவுக்குப் பின்னால் நடந்த சண்டை எங்களுக்குக் கேட்டது. "இன்னிக்கு மூக்கு, நாளைக்குக் கழுத்தா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பெரிய மருத்துவர், நம்பாத ஆளை வெளியே நிறுத்திவிட்டு, ஏற்கெனவே நம்புகிற நமக்கு நாமே சோதனை செய்து காட்டிக்கொள்வதில் என்ன பயன் என்று கேட்டார். கடைசியில் ஒரு போலீஸ்காரர் கதவில் நிற்க, மாமாவை உள்ளே விடுவதாக முடிவாயிற்று.

இதற்கிடையில் நான் மாமாவிடம் போனேன். முதுகுத்தண்டைப் பற்றி மருத்துவர் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது, வேறு வழியில். கன்வேயர் ஓரமாக நீளமாக இரண்டு கேபிள் பக்கம் பக்கமாகப் போகும். ஒன்றில் சப்ளை நிறுத்தியிருந்தாலும், மற்றதில் ஓடும் மின்சாரம் இதில் லேசாக ஏறும். சின்ன நியான் டெஸ்டரை வைத்தால் மினுக்கும். அதில் மோட்டார் ஓடாது. அண்ணன் சேர்ந்த புதிதில் இப்படி மினுக்கியதைப் பார்த்துவிட்டு, சப்ளை இருக்கிறது என்று ஓடியிருக்கிறான். மாமாதான் சிரித்துக்கொண்டே லாம்ப்பை மாட்டிக் காட்டியிருக்கிறார், எரியவில்லை. அந்தக் கதையை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் அதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

அவர் உதடு தடியடி பட்டு வீங்கியிருந்தது. அதை நாக்கால் தடவிக்கொண்டார். பிறகு, "மினுக்கல்னு நீ சொல்ற. அப்ப லாம்ப்ப மாட்டிப் பாக்கணும்" என்றார்.

பெரிய மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிற்பகலில் செய்யப்போவதில் கடைசிச் சோதனை அதுதான் என்று சொல்லி, எப்படிச் செய்வார்கள் என்பதை எனக்கு வரிசையாக விளக்கினார். இந்த வேலையில் தங்களுக்கும் அப்படி ஒரு கண்டிப்பு இருக்கிறது, நான்கு மருத்துவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், உறுப்பைப் பொருத்துகிற மருத்துவர்கள் யாரும் அதில் இருக்கக் கூடாது என்றார். உறுப்பு என்ற சொல்லை அந்த ஒரு இடத்தில்தான் சொன்னார். எங்களிடம் எதையும் கேட்கவில்லை.

பிற்பகலில் உள்ளே போனோம். கட்டிலருகே டார்ச்சோடு நின்றவரைப் பார்த்ததும் மாமாவின் கால் நின்றுவிட்டது. காலையில் அடிவாங்கிய அதே இளம் மருத்துவர். மூக்கில் பஞ்சு, குறுக்கே பிளாஸ்டர். மூளைச் சோதனைக்கு அங்கே அன்று அவரை விட்டால் ஆள் இல்லை.

"நீங்களா பண்ணப்போறீங்க?" என்றார் மாமா.

"நான்தான்."

"அப்ப மொதல்ல எனக்குப் பண்ணுங்க."

இளம் மருத்துவர் திரும்பிப் பெரிய மருத்துவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மாமா குனிந்து முகத்தைக் கொடுத்தார். காலையில் தான் உடைத்த முகத்துக்குச் சாண் தூரத்தில். டார்ச் வெளிச்சம் விழுந்ததும் மாமாவின் கண்மணி சுருங்கியது. அண்ணி எட்டிப் பார்த்தார். பஞ்சு நுனி கண்ணில் பட்டதும் இமை அடித்துக்கொண்டது. பிறகு மருத்துவர் கட்டைவிரலைப் புருவத்துக்குக் கீழே எலும்பு விளிம்பில் வைத்து அழுத்தினார். தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினார் என்று நினைக்கிறேன். மாமாவின் கண்ணில் தண்ணீர் வந்தது, தோள் துள்ளியது. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். கதவில் நின்ற போலீஸ்காரர் ஓரடி முன்னால் வந்து, திரும்பப் பின்னால் போனார்.

பிறகு அண்ணன்.

அந்தச் சோதனைகள் பார்க்க அடிபோலவே இருக்கும் என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. வெளிச்சம் விழுந்தது, கண்மணி அசையவில்லை. பஞ்சு கண்ணின் கறுப்பிலேயே உரசியது, இமை அடிக்கவில்லை. கட்டைவிரல் அதே எலும்பில் இறங்கியது, மருத்துவரின் நகம் வெளுக்கும்வரை. காதுக்குள் ஐஸ் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். தொண்டைக்குழாய்க்குள் இன்னொரு குழாயை விட்டு இழுத்தார்கள். எந்த உடம்பும் குமட்டி எழுந்து உட்கார்ந்திருக்கும். அண்ணனைத் தூங்கும்போது இறகால் காதைத் தொட்டாலே காலால் உதைப்பான், எனக்குப் பல்லில் ஒரு ஓரம் போனது அப்படித்தான். அவன் உதைக்க வேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மருத்துவரின் பிளாஸ்டர்மேலேயே இன்னொரு உதை.

இளம் மருத்துவர் யாரும் சொல்லாமலே நிமிர்ந்து, டார்ச்சை மறுபடி மாமாவின் கண்ணில் அடித்தார். சுருங்கியது. மாமா ஒரு முறை தலையை ஆட்டினார். மூன்றும் ஆயிற்று.

கடைசியாக மூச்சு. பெரிய மருத்துவர் தானே வந்து வென்டிலேட்டரைக் கழற்றினார். மெல்லிய குழாயில் ஆக்சிஜன் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும், அதனால் இதயம் நிற்காது, ஆனால் கெட்ட காற்று வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும் என்று அண்ணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மூளையில் சின்னத் துணுக்கு உயிரோடு இருந்தாலும் அதைப் பொறுக்காது, மூச்சை இழுக்கும், நெஞ்சு எழும். நெஞ்சை மட்டும் பாருங்கள்.

போர்வையை இடுப்புவரை இறக்கினார்கள். எல்லோரும் அண்ணனின் நெஞ்சைப் பார்த்தோம். மெஷின் சத்தம் நின்றதும் அறை பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. மாமா தன் மூச்சையும் அடக்கிக்கொண்டார். வேண்டுமென்றே அடக்கினாரா, தெரியாமலே நின்றதா, நான் கேட்டதில்லை. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் உடம்பு அவரைக் கேட்காமல் திறந்துகொண்டது. யாரோ வயிற்றில் குத்தியதுபோல மடங்கி, வாயைப் பிளந்து, பெரிய சத்தத்தோடு காற்றை உள்ளே இழுத்தார். மறுபடி அடக்கினார். மறுபடி அதேபோல உடைந்தார். அண்ணனின் நெஞ்சு அப்படியே இருந்தது. மருத்துவர்கள் ரத்தம் எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். அது வரும்வரை மாமா எத்தனை முறை உடைந்தார் என்று நான் எண்ணவில்லை. 

கடைசியில் அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு, "போதும்ங்க" என்றார். "சப்ளை இல்ல."

பெரிய மருத்துவர் எங்களைப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார். அண்ணன் இறந்துவிட்டான் என்று அந்தச் சொல்லாலேயே சொன்னார். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். இளம் மருத்துவர் கதவோரம் நின்றார். அப்பா துண்டை மடித்து முடித்து மடியில் வைத்தார். அழுகையெல்லாம் ஒருவழியாக அடங்கிய பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"காலைல அந்த டாக்டரு தம்பி ஒண்ணு கேட்டாரில்ல. அத இப்ப கேக்கச் சொல்லு."

இளம் மருத்துவருக்கு அது கேட்டது. வந்து அண்ணிக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடைந்த மூக்கால் பேச்சு கொஞ்சம் மாறியிருந்தது. உங்கள் கணவரின் சிறுநீரகங்களும் கல்லீரலும் இதயமும் இன்னும் நன்றாக இருக்கின்றன, வேறு ஆட்களுக்குக் கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் நாங்கள் உங்களை ஒன்றும் நினைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். காலையில் ஒரு மூச்சில் சொன்னதைப் பிற்பகலில் அவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னார்.

குறுக்கே பேசியது மாமாதான். தானத்தைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை. வேறொரு பயம். "அடிச்சவன் நாளைக்கு வக்கீல் வெச்சிகினு வருவான். நான் அடிச்சப்ப உயிரு இருந்துச்சி, டாக்டருங்கதான் அறுத்துக் கொன்னாங்கன்னுவான். அப்ப இன்னா பண்றது?"

அடிதடி வழக்கு என்பதால் எப்படியும் போலீஸ் அனுமதியும் பிரேதப் பரிசோதனையும் வேண்டும். அதைச் செய்கிற தடயவியல் மருத்துவரை வரவழைத்தார்கள். குள்ளமானவர், கொஞ்சம் முசுடு. ஒரு உறுப்பையும் எடுப்பதற்கு முன்னால் தலையின் காயத்தைத் தான் பார்த்து எழுதிவிடுவேன், ஆபரேஷன் தியேட்டரிலேயே கடைசிவரை நிற்பேன் என்றார். "தலையில பட்ட அடி தலையிலதான் இருக்கும்பா. கிட்னியோட சேந்து எங்கியும் போயிடாது." அவர் மறுத்திருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்பா, "மருமக சொல்றதுதான்" என்றார்.

அண்ணி சரி என்றார். "கண்ணு மட்டும் வேணாம். அது என்னப் பாத்த கண்ணு." 

இளம் மருத்துவர் புகார் கொடுக்காததால் போலீஸ் மாமாவை விட்டுவிட்டது. அண்ணனை டவுன்ஷிப்புக்குக் கொண்டுவந்தோம். சுடுகாட்டில் சித்தப்பா ஒருவர் குடித்திருந்தார். போர்வையை இழுத்து, நெஞ்சிலிருந்து கீழே ஓடிய தையலைப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை, பஞ்சை அடைத்து அனுப்பிவிட்டார்கள், பொண்டாட்டியே புருஷனை விற்றுவிட்டாள் என்று கூவினார். மாமா அவருடைய சட்டையைப் பிடித்து, அடுக்கிவைத்திருந்த விறகின்மேல் தள்ளினார். விறகு சரிந்தது. சித்தப்பாவின் பிள்ளைகள் பாய்ந்தார்கள். சாம்பலிலும் புழுதியிலும் உருண்டு அடித்துக்கொண்டார்கள், ஒருவனுக்குக் காது கிழிந்தது. அண்ணன் அத்தனைக்கும் நடுவில் பாடையில் கிடந்தான். கன்வேயர் குழு ஆட்கள்தான் பிரித்துவிட்டார்கள். மாமா மூச்சிரைக்க, "நான் பாத்தேன். உள்ள நின்னு என் கண்ணால பாத்தேன்" என்றார். அந்தக் குழுவுக்கு அது போதும். அவர்களே விறகைத் திரும்ப அடுக்கினார்கள்.

வழக்கு விசாரணைக்கு வரச் சில வருடங்கள் ஆயின. அதற்குள் நான் வடலூர் பக்கம் ஒரு சப்ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கோர்ட் வராந்தாவில் எங்கள் பக்கத்துப் பெஞ்சில் அந்த மூளை அறுவை மருத்துவர் உட்கார்ந்திருந்தார், அவரும் சாட்சி. மூக்கு லேசாக இடதுபுறம் சாய்ந்துவிட்டிருந்தது. இப்போதெல்லாம் இறந்த செய்தியையும் தானத்தையும் ஒரே தடவையில் சொல்வதில்லை என்று என்னிடம் சொன்னார். நடுவில் கொஞ்சம் நேரம் கொடுக்கிறார்கள், தானம் பற்றிக் கேட்பதற்கென்று தனி ஆள் இருக்கிறார். குடும்பத்தில் ரொம்ப முரண்டு பிடிக்கிறவர் யார் என்று பார்த்து, இரண்டாவது சோதனைக்கு அவரை உள்ளே நிறுத்துகிறார்கள். முன்பென்றால் வராந்தாவிலேயே முடியாது என்று போயிருக்கக்கூடியவர்களில் சிலர் இப்போது சம்மதிக்கிறார்கள். "எல்லாரும் குடுக்குறதில்ல. ஆனா யாரும் அடிக்கிறதில்ல" என்றார்.

அடித்தவன் கூண்டில் நின்றான். கூட்டம் முறுக்கிய கை சரியாகக் கூடாமல் முழங்கையில் வளைந்திருந்தது. அவனுடைய வக்கீல், மாமா பயந்த இடத்துக்கே நேராக வந்தார். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்ற மாமா எதிர்பார்க்காத வழியில் வந்தார்.

"அன்று காலை நீங்கள் ஒரு டாக்டரை அடித்தீர்களா?"

"அடிச்சேன்ங்க."

"ஏன்?"

"மாப்ள உயிரோட இருக்கான்னு நெனச்சி."

"விரல் அசைந்ததைப் பார்த்தீர்கள்."

"பாத்தேன்ங்க."

"ஆக, உயிரோடு இருந்தவரைத்தான் அன்று மாலை அறுக்கக் கொடுத்தீர்கள்."

நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் மாமா விட்ட குத்து, இத்தனை வருடம் கழித்து அண்ணன்மேலேயே திரும்பி வந்து விழுந்தது. மாமா கூண்டின் மரச்சட்டத்தை, கட்டில் கம்பியைப் பிடித்ததுபோலவே இறுகப் பிடித்திருந்தார்.

"காலைல நெனச்சேன்ங்க" என்றார். "சாயங்காலம் பக்கத்துல நின்னு பாத்தேன். மெஷினக் கழட்டினாங்க. நானும் மூச்ச அடக்கிகினு நின்னேன். என்னால முடியல. எத்தினியோ வாட்டி அடக்கிப் பாத்தேன், முடியல. அவன் கடைசிவரிக்கும் ஒரு மூச்சு கேக்கல."

வக்கீல் அடுத்த தாளைப் புரட்டினார். அந்தக் கேள்வியை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. தடயவியல் மருத்துவர் தலைக்காயத்தைப் பற்றி முசுடாகவே சாட்சி சொன்னார். மரணம் அந்தக் கம்பியின் அடியால்தான் என்று தீர்ப்பில் எழுதினார்கள், தண்டனையும் கிடைத்தது.

சாட்சி சொன்ன அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நான், அண்ணி, மாமா மூன்று பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். பஸ் வடலூரைத் தாண்டியது. அப்புறம் அண்ணிதான் கேட்டார்.

"அந்த டாக்டரு மூக்கு கோணலா இருக்குதே, பாத்தியாண்ணா?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டேன். மன்னிச்சிக்கங்கன்னு சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி புருவத்துக்குக் கீழே விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டார்.

"அன்னிக்கு இங்க வெச்சு அழுத்துனேன் பாத்தீங்களா, அதோட சரியாப் போச்சின்னாரு."